வில்ஃப் சக்டன் நொண்டிய கதை

கால்பந்தாட்டக்காரர்களைப் பற்றி என்னிடம் யாரும் பெருமையாகப் பேச வேண்டாம். போர் முடிந்ததிலிருந்து எல்லர்டேல் டவுன் கிளப் அனுப்பிய ஆட்களுக்கெல்லாம் என் மாடியில் அறை கொடுத்து, சாப்பாடு போட்டு, சேறு பிடித்த காலுறைகளைத் துவைத்துக் கொடுத்தவள் நான். ஒருத்தனுக்காவது சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போகத் தெரிந்ததில்லை. பந்தையாவது ஒழுங்காக உதைக்கத் தெரிந்ததா என்றால் அதுவும் கிடையாது. தெரிந்திருந்தால் லீக்கின் கடைசிப் படியான மூன்றாம் பிரிவு வடக்கில், அதுவும் பட்டியலின் அடியில், ஒரு மாட்டுக்குடல் வியாபாரி சேர்மனாக இருக்கிற கிளப்பில் வந்து ஏன் விழப்போகிறார்கள்?

அவர்களிலும் வடிகட்டின அசடு யார் என்று கேட்டால் யோசிக்காமல் வில்ஃப் சக்டனைக் காட்டுவேன். சுரங்க ஊரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தவன். பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு கழுத்துப்பட்டை, முழங்காலில் தேய்த்துக்கொள்ள ஒரு டப்பா வாத்துக் கொழுப்பு. அந்த நாற்றம் என் படுக்கை விரிப்பிலிருந்து இன்னும் போகவில்லை. கோலுக்கு முன்னால் நின்று காக்கிற வலது பேக் இடத்தில் ஆடுவான். ஆள் உயரம், அகலம், மந்தம். பந்து கிடைத்தால் பார்வையாளர் கூரைக்கு மேலே தூக்கி அடித்து வாய்க்காலில் போட்டுவிடுவான். அதற்கும் கை தட்டுவார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் ரசனை அவ்வளவுதான்.

முப்பதைத் தாண்டிய பிறகும் சனிக்கிழமை காலைகளில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு கீழே இறங்கி வருவான். மாட்டிறைச்சித் துண்டும் ரொட்டியும் மேசையில் தயாராக இருக்க வேண்டும். ஊரே ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் அது. இவனுக்கு மட்டும் கிளப்பிலிருந்து இறைச்சி வந்துவிடும்.

“ஒரு நாளைக்குப் பெரிய கிளப்காரன் எவனாவது வந்து என்னயப் பாப்பான், மிஸஸ் கன்லிஃப்.”

“பாப்பான்டா. பாத்துட்டு, வந்த ரயில்லயே திரும்பிப் போயிடுவான். சாப்புடு, ஆறிடப் போவுது.”

சிரிப்பான். திட்டினால் சிரிக்கிற ஆளைத் திட்டுவதில் என்ன சுகம்?

ஒரு பிப்ரவரியில் அவனுக்குக் கணுக்கால் பிசகியது. எங்கள் ஆட்டத்தில் பதினொரு பேர் இறங்கினால் இறங்கியதுதான். ஒருவன் விழுந்துவிட்டால் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் உள்ளே வர முடியாது. அதனால் கால் போனவனை இடது விங்கில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். கோட்டோரமாக நொண்டிக்கொண்டு, பெயருக்கு ஒரு ஆளாக நிற்க வேண்டியது. எதிராளிகள் அவன் பக்கம் போக மாட்டார்கள். நொண்டுகிறவனை விரட்டிப் பிடிப்பது ஆண்மைக்கு அழகில்லை என்று ஒரு எண்ணம். சோம்பேறித்தனமும் சேர்த்திதான். அன்றைக்கு வில்ஃப் அப்படி விங்கில் நின்றான். எவனும் சீந்தவில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கிருந்தோ வந்த பந்து அவன் முழங்கால் எலும்பில் பட்டுக் கோலுக்குள் போய் விழுந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒற்றைக் காலில் கோல் போட்ட வீரன் என்று மதுக்கடையில் அவன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க விடவில்லை. வீட்டுக்கு வந்து என் மாடிப்படியில் ஏறத் தெரியாமல் நான்கு கால்களில் ஏறினான்.

திங்கட்கிழமை சேர்மன் ஓஸ்வால்ட் ரிம்மர் என் வீட்டுக்கே வந்தார். ஊரில் நாலு குடல் கடை அவருக்கு. எங்கே போனாலும் ஈரக் காகிதத்தில் சுற்றிய ஒரு குடல் பொட்டலத்தோடு போவார். அதைக் கொடுத்துவிட்டால் எதையும் கேட்கலாம் என்று நினைப்பு. பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, முன்னறையில் வில்ஃப்புக்கு எதிரே உட்கார்ந்தார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தவில்லை. என் வீட்டில் நான் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

“கால் எப்படிடா இருக்கு?”

“நல்லாயிடுச்சு சார்.”

“அவ்ளோ சீக்கிரம் ஏன்டா நல்லாவுது?”

வில்ஃப் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தான்.

“இந்தா பாரு, நான் ஒன்னய ஏமாத்தச் சொல்லல. அந்தப் பேச்சே எனக்குப் புடிக்காது. ஆனா நாம பின்தங்கி நிக்கற நேரத்துல லேசா ஒரு சுளுக்கு… மனுசனுக்கு வராதா?”

“வரும் சார்.”

“வேணுங்கற நேரத்துக்கு வரும்ல?”

“வரும் சார்.”

“சமத்து. அடுத்த சீசனுக்கும் ஒன்னய வச்சுக்கணும்னு டைரக்டருங்க கிட்ட நானே சொல்லிட்டிருக்கேன்.”

மறுநாளிலிருந்து என் நடைவழியில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. வாசற்கதவிலிருந்து சமையலறை வரைக்கும் நொண்டிக்கொண்டு வருவான், திரும்பிப் போவான். என் கணவர் ஃப்ரெட் முதல் உலகப் போரில் இடுப்பில் இரும்புத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். சாகிற வரைக்கும் நொண்டிக்கொண்டேதான் மில்லுக்கு வேலைக்குப் போனார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கையிலிருந்த துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு போனேன்.

“நொண்டறது வெளையாட்டாடா ஒனக்கு? இதே வழியில என் வீட்டுக்காரர் எத்தன வருசம் நொண்டி நொண்டிப் போனாரு தெரியுமா? கை தட்ட ஒருத்தன் வரலடா!”

வில்ஃப் முகம் சிவந்து போய் நின்றான். பெரிய உடம்பைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துத் துடைப்பத்தைக் கீழே இறக்கினேன்.

“கோச்சுக்காதீங்க மிஸஸ் கன்லிஃப். நொண்டும்போது அவரு எந்தத் தோளக் கீழ எறக்குவாரு?”

இப்படிப்பட்டவனை என்ன செய்வது? அடிக்கவும் மனம் வரவில்லை. அடித்தால் துடைப்பத்துக்குத்தான் கேடு.

அந்த வித்தை சில வாரங்கள் பலித்தது. ஒரு கோல் பின்தங்கினால் வில்ஃப் உட்கார்ந்துவிடுவான். டிரெய்னர் ஜட் ஹாய்ல் வாளியும் ஸ்பான்ஜுமாக ஓடி வந்து, காலில் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, ஒரு கண்ணைச் சிமிட்டுவார். வில்ஃப் விங்குக்குப் போய்விடுவான். எதிராளி பேக் அவனைப் பார்த்து “அடடா, பாவம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நகர்வான். அந்த நேரம் பார்த்து இவன் காலுக்குப் பந்து வரும். இரண்டு கோல் அவனே போட்டான். இன்னும் சிலதைப் போட வழி செய்துகொடுத்தான். ஊருக்கு விஷயம் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுக்கடையில் பந்தயமே கட்டினார்கள், இன்றைக்கு எப்போது நொண்டுவான் என்று.

ஈஸ்டர் சனிக்கிழமை குட்டு உடைந்தது. இடைவேளைக்கு முன்னால் அவன் நொண்டியது இடது கால். நடுவில் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தவன் வலது காலை இழுத்துக்கொண்டு நின்றான். கும்பலில் எவனும் கவனிக்கவில்லை. எதிரணியில் தடியாக ஒரு ஆள், அவன் கண்ணில் பட்டுவிட்டது. ஆட்டத்தையே நிறுத்திவிட்டுக் கத்தினான்.

“ரெஃப்ரி சார், சீக்கிரம் டாக்டரக் கூப்புடுங்க! இவனுக்கு வலி ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்குக் குடி போயிருச்சு!”

முதலில் வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். பிறகு எங்கள் ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பத்திரிகையில் வந்தது. சேர்மன் ரிம்மர் அதிர்ச்சி அடைந்துவிட்டதாக அறிக்கை விட்டார். இந்தக் கிளப்பின் பெயருக்கு ஒரு தனிமனிதன் செய்த களங்கம் என்றார். நேர்மையைத் தவிர வேறெதையும் தன் தகப்பனார் தனக்குச் சொல்லித் தரவில்லை என்றார். எடையில் எப்படிக் கை வைப்பது என்று அப்புறம் யார் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை.

நான் பத்திரிகையை வில்ஃப் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“போயி ஊருக்குச் சொல்லுடா. அந்தாளு என் முன்னறையில ஒக்காந்து சொல்லிக் குடுத்ததச் சொல்லு. நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“வேணாங்க. கொஞ்ச நாள் கண்டுக்காம இருடா, நான் பாத்துக்கறேன்னு சேர்மன் சார் சொல்லியனுப்பியிருக்காரு.”

“அவரு பாத்துப்பாரா? நல்லாப் பாத்துப்பாரு!”

“காட்டிக் குடுக்கக் கூடாதுங்க. அது மொறையில்ல.”

முறையாம்! ஏமாற்றிக் கோல் போடும்போது வராத முறை, கை கழுவிவிட்டவனைக் காப்பாற்றும்போது வந்துவிட்டது. இந்த அசட்டு விசுவாசத்தை வைத்துத்தான் ரிம்மர் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள்.

அதன் பிறகு அவன் தெருவில் இறங்க முடியவில்லை. எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் அவன் பந்தைத் தொட்டதும் கூட்டம் முழுக்க நொண்டிக் காட்டியது. எங்கள் ஊரில் இன்னும் மோசம். மில் விடும் நேரத்தில் ஒரு நாள் நானும் அவனும் எதிரே வந்தோம். மில் பெண்கள் கைகோத்துக்கொண்டு தெருவை அடைத்து வரிசையாக வந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒருத்தி ஏதோ சொன்னாள். உடனே வரிசை முழுவதும் ஒரே காலை இழுத்து இழுத்து நடந்தது. அத்தனை மரச்செருப்பும் கல்தெருவில் டக், சர்ர், டக், சர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. வில்ஃப் தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு வணக்கம் சொன்னான். வீட்டுக்கு வந்து அன்று அவன் சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இனிமே காலே ஒடிஞ்சாலும் நொண்ட மாட்டேன் மிஸஸ் கன்லிஃப்,” என்றான் படிக்கட்டில் நின்றுகொண்டு.

“ஒடியட்டும், அப்ப பாக்கலாம். வந்து கஞ்சியாவது குடிச்சுட்டுப் போ.”

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. எங்களுக்கு ஒரு சமன் போதும். தோற்றால் கடைசி இரண்டு இடத்தில் ஒன்று எங்களுக்கு. அந்த இரண்டு கிளப்பும் கோடையில் லண்டனுக்குப் போய், ‘அடுத்த வருஷமும் எங்களை லீக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெரிய கிளப் சேர்மன்கள் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ரிம்மர் அதற்காக ஏற்கெனவே புதுக் கோட்டு தைத்துக்கொண்டார் என்று கேள்வி. வில்ஃப்புக்கு லண்டனைப் பற்றியெல்லாம் கவலையில்லை. காலையில் இறைச்சியை வெட்டிக்கொண்டே சொன்னான்: “இன்னிக்கு ஒரு ஆட்டம் நேரா ஆடிட்டாப் போதுங்க. நான் ஏமாத்துக்காரன் இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் வச்சுக்கறதும் அனுப்பறதும் அவங்க இஷ்டம்.”

டிரெய்னர் பெஞ்சுக்குப் பின்னால்தான் நான் எப்போதும் நிற்பேன். இரண்டாம் பாதி வரைக்கும் ஆளுக்கு ஒரு கோல். வில்ஃப் வழக்கம்போல் மந்தமாக, ஆனால் ஒழுங்காக ஆடினான். கூட்டமும் நொண்டிக் காட்டிக் காட்டி அலுத்துப்போய் ஓய்ந்திருந்தது. அப்போது எங்களுக்கு நேர் எதிரே எதிரணியின் இடது விங்காளும் வில்ஃப்பும் ஒரே பந்துக்குக் காலை விட்டார்கள். இரண்டு பேரும் விழுந்தார்கள். மற்றவன் எழுந்துவிட்டான்.

கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. “நொண்டி! நொண்டி!” என்று நாலு பக்கமும் சத்தம். ஜட் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வில்ஃப் அவரைக் கிட்டவே வர விடவில்லை. கையை ஊன்றி எழுந்தான். முகம் மாவு பூசினாற்போல் இருந்தது. ஒரு அடி வைத்தான், இன்னொரு அடி வைத்தான். தோள் இறங்கவில்லை, கால் இழுக்கவில்லை. ரோந்து போகிற போலீஸ்காரனைப் போல் நேராக நடந்து தன் இடத்துக்குப் போய் நின்றான்.

“ஏன்டா, சரியா இருக்கியா? விங்குக்குப் போறியா?” என்று கேப்டன் கத்தினான்.

“நல்லாத்தான் இருக்கேன். ஆட்டத்தப் பாரு.”

அவன் விங்குக்குப் போயிருந்தால் வேறு ஒருவன் பின்னால் வந்து அந்த இடத்தை அடைத்திருப்பான். போகவில்லை. அவர்களுடைய விங்காள் ஒரு தடவை அவனைத் தாண்டிப் போனான். கோல். மறுபடியும் தாண்டினான். மறுபடியும் கோல். வில்ஃப் திரும்பி ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆனால் ஓடினான், நேராகத்தான் ஓடினான். சமயத்துக்கு நொண்டத் தெரியவில்லையே இவனுக்கு என்று என் பக்கத்தில் ஒருவர் தலையிலடித்துக்கொண்டார். ஒன்றுக்கு மூன்று. கூட்டம் கேலியாக, மெதுவாகக் கை தட்டி அவனை வெளியே அனுப்பியது. காசு வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டான் என்று சொன்னவர்களும் உண்டு.

மற்றவர்களோடு அவன் குளிக்கப் போகவில்லை. பூட்ஸோடு மேலே ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு மேட்டுத்தெரு ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். வழியெல்லாம் திட்டியிருக்கிறார்கள். வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கொஞ்சம் டீ கெடைக்குமா? இந்த பூட்ஸ் வேற வரமாட்டேங்குது.”

ரொட்டிக் கத்தியால் பூட்ஸை அறுத்தேன். கத்திரிக்கோலால் காலுறையை வெட்டினேன். உள்ளே இருந்ததைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன எலும்பு முதலில் முறிந்திருக்கிறது, அதன் மேலேயே ஓடியதில் பெரிய எலும்பும் போய்விட்டது என்றார் டாக்டர். இந்தக் காலோடு யாராலும் நடக்க முடியாது, இவர் எப்படி ஓடினார் என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது?

“ஏன்டா பாவி, அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“யாரு நம்புவா?” என்றான் வில்ஃப். குரலில் வருத்தம்கூட இல்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

நம்புவார்கள் என்று நான் நினைத்தேன். தொடை வரைக்கும் மாவுக்கட்டு, இரண்டு கைக்கும் ஊன்றுகட்டை, ஆஸ்பத்திரி முத்திரை. இதைப் பார்த்தபிறகு ஊர் வாயை மூடிக்கொள்ளும், கொஞ்சமாவது தலை குனியும் என்று நினைத்தேன். எல்லர்டேல்காரர்களை இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்ததுமே ஆரவாரம் ஆரம்பித்தது. கடைக்குள்ளிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இந்தத் தடவை ஜமாய்த்துவிட்டான், வேஷத்துக்குச் சாமான் செலவெல்லாம் செய்திருக்கிறான் என்று சிரித்தார்கள். சேர்மன் ரிம்மர் தம் கடை வாசலில் நின்றவர், கைத்தடியால் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

“நல்ல வேலைப்பாடுடா. யாருடா பண்ணிக் குடுத்தா?”

“அவன் கால் ஒடைஞ்சிருக்குய்யா!” என்று கத்தினேன். “நானே பாத்தேன். ரெண்டு எலும்பும் போச்சு. ஒங்க பேச்சக் கேட்டு நொண்டினதுக்குத்தான் அந்தப் பேரு. அந்தப் பேருக்குப் பயந்துதான் இந்தக் கதி. ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா?”

“மிஸஸ் கன்லிஃப்புக்கு அவன் மேல ரொம்பப் பாசம்,” என்றார் ரிம்மர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் என்னையும் பார்த்துச் சிரித்தது. அந்த நிமிஷத்தில் இந்த ஊர் மொத்தத்தையும் நான் வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன். வில்ஃப் என் கையைப் பிடித்து, “விடுங்க மிஸஸ் கன்லிஃப், தமாசுக்குச் சொல்றாங்க” என்றான். அவனையும் வெறுத்தேன்.

கிளப் அவனை வைத்துக்கொள்ளவில்லை. லண்டனில் பெரிய மனிதர்கள் கையைத் தூக்கி எல்லர்டேலை மட்டும் லீக்கில் வைத்துக்கொண்டார்கள். மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் ஒரு விரல்கடை குட்டையாகிப் போயிருந்தது. சுரங்கத்துக்கும் அந்தக் காலோடு போக முடியாது. ரிம்மர் பெரிய மனது பண்ணி, பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தம் கடையில் அவனுக்குக் குடல் வெட்டிக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தார். அவனை வேடிக்கை பார்க்கக் கடைக்குக் கூட்டமும் சேர்ந்தது.

போன வெள்ளிக்கிழமை நான் கிண்ணத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். உப்புத் தொட்டியிலிருந்து குடலை எடுத்துவர அவன் கடையின் அந்தக் கோடிக்கு நொண்டிக்கொண்டு போனான். எனக்கு முன்னால் நின்ற தடித்த ஆள், மில் மேஸ்திரி, பெஞ்சைத் தட்டினான்.

“போதும்டா வில்ஃப், ஆட்டம் முடிஞ்சு எத்தன வருசம் ஆச்சு! இன்னும் யாரடா ஏமாத்தற? நேரா நட பாப்போம்.”

“நடடா, நட!” என்றது வரிசை.

சொல்லுடா, இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுடா என்று என் பல் நறநறவென்றது. வில்ஃப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். குட்டைக் காலின் குதிகாலை மேலே தூக்கிக்கொண்டு நுனிவிரலில் ஊன்றினான். தோளைச் சமமாக்கினான். அந்தக் கோடியிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும், கழுத்து நரம்பு புடைக்க, ஒரு அடிகூடப் பிசகாமல் நேராக நடந்து வந்தான்.

“பாத்தீங்களா, நான் சொல்லல?” என்றான் மேஸ்திரி. எல்லோரும் கை தட்டினார்கள்.

வில்ஃப் இடுப்பில் கட்டியிருந்த துணியால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தான்.

“அடுத்து யாருங்க?” என்றான் சிரித்துக்கொண்டே.